கட்டணம் பார்க்க வந்தவர்

பாமா: ஒரு ஃபண்டுக்கு முப்பதோ? இல்லை, நாலுக்கும் சேர்த்து முப்பதோ?

வாமதேவன்: ஒண்டுக்கு முப்பது. உங்களிட்டை நாலு கிடக்கு. நூற்றியிருபது.

பாமா: என்ரை காசை நான் வேறை இடத்துக்குக் கொண்டு போறதுக்கு பாங்குக்கு நூற்றியிருபது பவுண்ஸோ?

வாமதேவன்: ஓம். வெளிக்கிடுற கூலி. போன கிழமை நீங்கள் தந்த கடிதத்திலை, பின்பக்கம், அடியிலை, எறும்பு மாதிரி எழுத்திலை போட்டிருக்கிறாங்கள்.

பாமா: நான் எங்கை வாசிச்சனான்? பாங்க் கடிதம் எண்டாலே எனக்குப் பஞ்சி, பிரிக்கவே மனம் வராது. வந்தபடி தூக்கித் தந்தனான்.

வாமதேவன்: தெரியும்... கவரை நான்தான் உடைச்சனான்.

பாமா: அதுசரி, உது என்ன கொப்பி? கட்டம் கட்டமா...

வாமதேவன்: கணக்குக் கொப்பி. ஜெர்மனியிலை பதினேழு வருஷம் இருந்திட்டன். கட்டம் இல்லாட்டி எனக்கு இலக்கம் சரிஞ்சு விழும்.

பாமா: பொம்பிளை பாக்க வாறவை பூ கொண்டு வருவினம், சொக்லேட் கொண்டு வருவினம். நீங்கள் மூண்டாம் சந்திப்புக்குக் கணக்குக் கொப்பி கொண்டு வாறியள்.

வாமதேவன்: சொக்லேட்டும் கிடக்கு. கணக்கு முடியத் தாறன்.

பாமா: எங்கை, காட்டுங்கோ.

வாமதேவன்: கணக்கு முடிய எண்டெல்லோ சொன்னனான்...

பாமா: நாலு மணிக்கு ஸ்ரீஸ்கந்தராஜா அண்ணை போன் எடுப்பார். கலியாணம் பேசி வைச்ச மனிசன், ஓமோ இல்லையோ எண்டு முடிவு கேப்பார். இப்ப மூண்டரை. நாங்கள் பாங்கின்ரை கூலி கதைக்கிறம்.

வாமதேவன்: நான் என்ன செய்ய? வேறை ஏதும் கதைக்க வெளிக்கிட்டால் நாக்கு ஒட்டுது. கணக்கெண்டால் வடிவா வருது.

பாமா: அதுவும் உண்மைதான். போன சனிக்கிழமை முழுக்க மழையைப் பற்றித்தான் கதைச்சனீங்கள்.

வாமதேவன்: நல்ல மழை தானே அது!

பாமா: சரி, சொல்லுங்கோ. கெதியா.

வாமதேவன்: அந்த நாலு ஃபண்டும் சேர்த்து உங்கடை ஐசாவிலை இருபத்தோராயிரம் கிடக்கு. வரியில்லாச் சேமிப்பு எண்டு நீங்கள் சந்தோசமா இருக்கிறியள். அரசாங்கம் எடுக்காததை பாங்க் எடுக்குது. வருஷம் ஒண்டரை வீதம். முந்நூற்றிப் பதினைஞ்சு பவுண்ஸ்.

பாமா: அதுக்கு அவங்கள் என்ன செய்யிறவங்கள்?

வாமதேவன்: கடிதம் போடுறவங்கள்.

பாமா: நான் வாசிக்காத கடிதம்!

வாமதேவன்: இஞ்சை பாருங்கோ, இது நீலக் கம்பனி. அரை வீதம். நூற்றியைஞ்சு பவுண்ஸ். இது பச்சைக் கம்பனி. வீதமே இல்லை. வருஷம் அறுபது, அவ்வளவுதான்.

பாமா: அப்ப பச்சை. முடிஞ்சுது. சொக்லேட்டைத் தாங்கோ.

வாமதேவன்: பொறுங்கோ, பொறுங்கோ. பச்சைக்காரன் ஒவ்வொருக்கா வாங்கேக்கையும் பன்னிரண்டு பவுண்ஸ் பிடிப்பான். நீங்கள் மாதாமாதம் போடுற ஆள். பன்னிரண்டு பன்னிரண்டு...

பாமா: நூற்றி நாற்பத்தி நாலு. அறுபதோடை சேர்த்தா இருநூற்றி நாலு. அப்ப நீலம்.

வாமதேவன்: ஐயோ, நான் அதுக்கு ரெண்டு பக்கம் எழுதினனான்.

பாமா: ஆஸ்பத்திரியிலை பதினைஞ்சு வருஷமா ஒப்பரேஷன் கத்தரிக்கோல் எண்ணுறன். ஒண்டு கூடினாலும் விடமாட்டன், குறைஞ்சாலும் விடமாட்டன்.

வாமதேவன்: நல்ல பழக்கம்... கொஞ்சம் பயமாவும் கிடக்கு.

பாமா: அப்ப திங்கட்கிழமை பாங்குக்குப் போய்க் காசை எடுத்து, நீலக் கம்பனியிலை கொண்டுபோய்ப் போடுறன்.

வாமதேவன்: ஐயையோ! வேண்டாம்!

பாமா: மெதுவா... கோப்பிக்கடையிலை மற்ற மேசை ஆக்கள் திரும்பிப் பாக்கினம்.

வாமதேவன்: காசு உங்கடை கையிலை பட்டால் ஐசா செத்துது. சலுகை எல்லாம் போச்சு. பேந்து திருப்பிப் போடப் போனால் வருஷத்துக்கு ஏழாயிரத்து இருநூறுக்கு மேலை உள்ளை விடமாட்டாங்கள். புதுக் கம்பனிதான் பழைய இடத்திலை கேட்டு எடுக்கவேணும். நீங்கள் ஃபோமிலை கையெழுத்து மட்டும்.

பாமா: ஓகோ. பொம்பிளை தானா வெளிக்கிட்டுப் போனால் மரியாதை இல்லை. மாப்பிளை வீட்டார் முறையா வந்து கேக்கவேணும்.

வாமதேவன்: அதேதான்!

பாமா: நடுவிலை ஸ்ரீஸ்கந்தராஜா அண்ணை மாதிரி ஒராள்.

வாமதேவன்: அவர் கூலி எடுக்கிறேல்லை.

பாமா: ஆர் சொன்னது? எங்கடை மச்சாள் ஜெயகௌரி வீட்டிலை இந்த மாதம் மட்டும் நாலு தரம் கணவாய்க் கறி சாப்பிட்டிட்டார்.

வாமதேவன்: பகிடி விடாதையுங்கோ. ஜெர்மனியிலை எங்கடை ஆள் ஒருத்தர் எனக்கு இன்சூரன்ஸ் வித்தவர். பன்னிரண்டு வருஷம் கட்டினன். லண்டனுக்கு வரேக்கை முறிச்சுப் பாத்தால் போட்டதிலும் குறைவு. அண்டு தொடக்கம் எதிலையும் சின்ன எழுத்தைத்தான் முதல் தேடுறன்.

பாமா: ஆக்களிலையுமோ?

வாமதேவன்: ஆக்களிலை... எனக்கு வாசிக்கத் தெரியாது.

பாமா: ம்.

வாமதேவன்: இந்தாங்கோ, நீலக் கம்பனியின்ரை ஃபோம். பேர், விலாசம் எல்லாம் நிரப்பியிட்டன். தபால்காரர் ஸ்ட்ரைக் எண்டு நிக்கினம், இண்டைக்கே பெட்டியிலை போட்டால் நல்லது. ஒரு இடம்தான் வெறுமையாக் கிடக்கு. பிறந்த திகதி.

பாமா: உங்கடை கோப்பி ஆறுது.

வாமதேவன்: ஆறட்டும். திகதி?

பாமா: மாசி... பதினாறு.

வாமதேவன்: வருஷம்?

பாமா: கேக் ஒண்டு எடுப்பமோ? உந்தக் கரட் கேக் நல்லாயிருக்கும்.

வாமதேவன்: எடுப்பம். வருஷம்?

பாமா: வீட்டை போய் எழுதிறன். பேனை சரியில்லை.

வாமதேவன்: இண்டைக்கு வாங்கின பேனை.

பாமா: ஸ்ரீஸ்கந்தராஜா அண்ணை சொல்லியிருப்பார் தானே?

வாமதேவன்: நாற்பத்தேழு எண்டவர்.

பாமா: அப்ப ரெண்டாயிரத்து ஒன்பதிலை இருந்து கழிச்சுப் பாருங்கோவன்.

வாமதேவன்: கழிச்சு எழுதலாம். பிழையெண்டால் ஃபோம் திரும்பி வரும்.

பாமா: ஃபோமைப் பேந்து பாப்பம்.

வாமதேவன்: சரி, விடுங்கோ. அது கிடக்கட்டும். நானும் போன கிழமை நீலக் கம்பனிக்கு மாறிட்டன், தெரியுமோ? இந்த வருஷத்துக்கு முழுக்கப் போட்டாச்சு. பத்தாயிரத்து இருநூறு.

பாமா: எவ்வளவு?

வாமதேவன்: பத்தாயிரத்து இருநூறு.

பாமா: நில்லுங்கோ. ஏழாயிரத்து இருநூறுக்கு மேலை விடமாட்டாங்கள் எண்டு இப்பத்தானே கத்தினனீங்கள்?

வாமதேவன்: ஓ... அது வந்து...

பாமா: மூவாயிரம் கூடுது.

வாமதேவன்: இந்த மாதம் தொடக்கம் புதுச் சட்டம். சில ஆக்களை மட்டும் கூடப் போட விடுறாங்கள்.

பாமா: எந்த ஆக்களை? பெரிய பணக்கார ஆக்களையோ?

வாமதேவன்: ஐம்பது வயது... தாண்டின ஆக்களை.

பாமா: ஐம்பதோ?

வாமதேவன்: கேக் எடுப்பமோ?

பாமா: உங்களுக்கு நாற்பத்தெட்டு எண்டெல்லோ சொன்னவை?

வாமதேவன்: ஐம்பத்தொண்டு. இந்த ஐப்பசியோடை. மூண்டைக் கழிச்சது ஸ்ரீஸ்கந்தராஜா அண்ணை. 'ஐம்பது எண்டு சொன்னால் பொம்பிளை வீட்டார் கதவைச் சாத்திப்போடுவினம்' எண்டவர். நான் வாய் திறக்காமல் இருந்தது என்ரை பிழை. கோபமெண்டால் சொல்லுங்கோ, நான் எழும்பிப் போறன். சொக்லேட்டை வைச்சிட்டுப் போறன்.

பாமா: இருங்கோ.

வாமதேவன்: என்ன... சிரிக்கிறியளோ?

பாமா: ஃபோமைத் தாங்கோ. பேனையையும்.

வாமதேவன்: பேனை சரியில்லை எண்டனீங்கள்...

பாமா: தாங்கோ எண்டு சொல்லுறன். ...இந்தாங்கோ. வாசியுங்கோ. மெதுவா வாசியுங்கோ.

வாமதேவன்: பதினாறு... ரெண்டு... ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பத்தெட்டு.

பாமா: எனக்கு நாலைக் கழிச்சவர். பொம்பிளையளுக்குக் கழிவு கூட.

வாமதேவன்: நானும் ஐம்பத்தெட்டுத்தான். ஆனா ஐப்பசி...

பாமா: எண்ணிப் பாத்திட்டன். எட்டு மாதம் நான் மூப்பு. மாப்பிளையிலும் மூத்த பொம்பிளை எண்டு கேள்விப்பட்டால் உங்கடை அக்கா சுவர்ணா வீட்டை தலைகீழாக்குவா. இப்பவே சொல்லிப்போடுங்கோ. நாலு மணிக்கு முதல் எழும்பினால் உங்களுக்கு வெளிக்கிடுற கூலி இல்லை.

வாமதேவன்: அந்தக் கொப்பியை இஞ்சாலை தள்ளுங்கோ.

பாமா: என்ன எழுதிறியள்?

வாமதேவன்: ஐம்பது தாண்டின ஆக்கள் ரெண்டு பேர். பத்தாயிரத்து இருநூறு ரெண்டு தரம். இருபதாயிரத்து நானூறு. உண்மையா நாற்பத்தேழு வயசுப் பொம்பிளையைக் கட்டினால் இந்த வருஷம் எனக்கு மூவாயிரத்துக்கு இடம் நட்டம்.

பாமா: விசர்க் கதை! அக்காவுக்கு என்ன சொல்லுவியள்?

வாமதேவன்: அக்கா தன்ரை கலியாணத்துக்கு ரெண்டைக் கழிச்சவ. அது எனக்குத் தெரியும் எண்டு அவவுக்கும் தெரியும். வாய் திறக்கமாட்டா.

பாமா: போன் அடிக்குது...

வாமதேவன்: ஹலோ... ஓம், அண்ணை. நான் ஓம். ...பாமாவோ? பாமா, அண்ணை கேக்கிறார்.

பாமா: கேக்கட்டும்.

வாமதேவன்: மனிசன் லைனிலை நிக்கிறார்...

பாமா: ...ஓம் எண்டு சொல்லுங்கோ. இனிக் கணவாய்க்கறிக்கு வரவேண்டாம் எண்டும் சொல்லுங்கோ.

வாமதேவன்: அண்ணை, அவவும் ஓம். ...என்ன கதைச்சனாங்களோ? மழையைப் பற்றித்தான். ...சரி, வைக்கிறன்.

பாமா: சொக்லேட்.

வாமதேவன்: இந்தாங்கோ. கொஞ்சம் உருகிப்போச்சு.

பாமா: பரவாயில்லை. ஆனா, எனக்கு ஒண்டு விளங்கேல்லை. எறும்பு எழுத்தையே தேடிப் பிடிக்கிற மனிசன் நீங்கள். அந்தப் பத்தாயிரத்து இருநூறை எப்பிடி வாய் தவறி விட்டனீங்கள்?

வாமதேவன்: வாய் தவறினது எண்டு ஆர் சொன்னது?

பாமா: அப்ப?

வாமதேவன்: நீங்கள் வாசிக்காமல் தந்த அந்தப் பாங்க் கடிதம், பாமா... பின்பக்கம்தான் எறும்பு எழுத்து. முன்பக்கம் யானை எழுத்து. 'ஐம்பது வயது தாண்டிய எங்கள் வாடிக்கையாளரே, உங்களுக்கு ஒரு நல்ல செய்தி' எண்டு முதல் வரியிலையே கிடந்தது. போன சனிக்கிழமை வீட்டை போகேக்கை ரெயினிலை வாசிச்சிட்டன். நீங்கள் முதல்லை சொல்லக் கஷ்டப்படுவியள் எண்டு... நான் என்ரையைச் சொன்னன்.