மூன்றாவது தீவில் ஏறாதவள்

"எல்லாரும் ஏறியாச்சா?" என்று, படகோட்டும் தோழியின் சித்தப்பா அன்று என்னைக் கேட்டார். நான் ஆமென்று தலையை ஆட்டினேன்.

போன வெள்ளிக்கிழமை ராத்திரி, படகுத்துறையில் கரண்ட் போன டிக்கெட் அறையில், அந்தக் கதையைத்தான் சொன்னேன். ஐந்து பேர் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வாயே திறக்காதவள் பேசுகிறாளே என்று இன்னும் கிட்டே நகர்ந்தார்கள்.

மாலை ஐந்தேகால்... கடைசி ட்ரிப். கரைக்கும் கடலுக்கும் நடுவே வரிசையாக மணல் தீவுகள். வேறு படகே இல்லை. மூன்றாவது தீவில் சுற்றிப் பார்க்க வந்தவர்கள் முழங்கால் தண்ணீரில் இறங்குவார்கள். செருப்பைப் படகில் ஒரு கூடையில் போட்டுவிட்டுப் போவார்கள். ஆறு மணிக்குக் கடல் ஏறினால் அந்தத் தீவு இருக்காது.

ஏறியவர்களைத் தலை பார்த்து எண்ண வேண்டும். அன்று எண்ணவில்லை. கூடை காலி, அதனால் எல்லோரும் வந்தாயிற்று என்று கிளம்பிவிட்டார்கள். ஒரு பெண் செருப்பைக் கையோடு எடுத்துக்கொண்டு இறங்கியிருக்கிறாள்... கரையில் எல்லோரும் இறங்கிய பிறகு, இருக்கையில் ஒரு கைப்பை கிடந்தது. திரும்பிப் போனார்கள். மணல் இல்லை. தண்ணீர்தான்.

இப்போதும் கடைசி ட்ரிப்பில், அந்த இடத்தில் படகின் பின்பக்கம் ஓர் ஆள் ஏறினதுபோல் தாழும். பாசி வாடை. சித்தப்பாவின் காதில் மட்டும் ஒரு குரல்... "எண்ணினது யாரு?"

"பேரைச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?" என்றார் படகு மெக்கானிக்.

"சொன்னா அந்தக் குரல் அவங்ககிட்ட போயிடுமாம்," என்றாள் தோழி.

"அப்ப என் மாமியார் பேரைச் சொல்லச் சொல்லு."

சிரித்தார்கள். டிக்கெட் அக்கா சிரிக்கவில்லை. "சரி, எண்ணினது யாருடி?"

தோழி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவருதான்க்கா... வேற யாரு."

"குடிச்சிருப்பான் பாவி," என்றாள் அக்கா.

அவர் குடிக்க மாட்டார். எண்ணுவது என் வேலை. முகங்களைப் பார்க்கக் கூச்சப்பட்டுக் கூடையைப் பார்க்கிற பழக்கம் என்னுடையது. விசாரணையில் அவர், "நான்தான் சார் எண்ணினேன்," என்றார். அந்தக் குரலிடமும் அதையே சொல்லிப் பார்த்தாராம். மறுபடியும் அதே கேள்விதான் வருமாம். இதை என்னிடம் மட்டும்தான் சொன்னார்; பயப்படாதே, உன் பேர் என் வாயில் வராது என்றும் சொன்னார்.

நிமிர்ந்தேன். வாசலில் சித்தப்பா நின்றுகொண்டிருந்தார். அறையைப் பூட்டச் சாவியோடு வந்திருக்கிறார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவர் என்னைப் பார்த்தார். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

பிறகு, பின்னால் நிற்கும் யாரையோ உள்ளே விடுவதுபோல வாசலில் ஓரமாக ஒதுங்கினார். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.