மக்காததை மக்கியது என்று எழுதாத கைக்கு

வைக்கோலையும் சோளத்தட்டையும் கரும்புச் சக்கையையும் கூழாக்கிக் குழைத்துக் கண்ணாடிபோல் தாளாய் விரித்த கைவல்லவரே! புதைத்ததை மண் தின்றதா என்று முப்பத்தொரு ஆண்டுகள் தோண்டித் தோண்டிப் பார்த்த தொய்வறியாதவரே! எங்கள் சோதனைக்கூடத்தின் மூத்தவரே, அக்காவே, வணக்கம்!

உங்கள் பணி ஓய்வு விழாவில் வாசிக்கும் இந்த மடலுக்கு அலுவலகம் ஒரு மாதிரி எழுதி அனுப்பியது. அதில் நீங்கள் 'பொறுமையின் சிகரம்'. 'நிர்வாகத்தின் மனம் கோணாமல் நடந்தவர்'. படித்தோம், கிழித்தோம். பொறுமையின் சிகரமா நீங்கள்? மேலாளரின் மேசைமீது மண் ஒட்டிய வலைப்பையை உதறிக் கொட்டியவர் அல்லவா!

நம் ஆலையின் பைகளில் பச்சை இலை அச்சிட்டிருக்கிறது. ஆறு மாதத்தில் மண்ணோடு மண்ணாகும் என்று அதன்கீழ் எழுத்து. ஒவ்வொரு உற்பத்தித் தொகுதியிலிருந்தும் உள்ளங்கை அளவு துண்டுகள் வெட்டி, வலைப்பையில் தைத்து, மண்தொட்டியில் புதைத்து, நூற்றெண்பதாம் நாள் எடுத்து அலசி, உலர்த்தி, எடை பார்த்த பிறகே சான்றிதழில் உங்கள் கையெழுத்து விழும். ஈராண்டுக்கு முன் ஒரு தொகுதி மக்கவில்லை, பொடிப்பொடியாய் நொறுங்கிக் கிடந்தது. மிச்சத் துண்டை நெருப்பில் காட்டினீர்கள். சக்கைத் தாள் எரிந்தால் காகிதம் தீய்ந்த வாசம் வரும். அன்று வந்ததோ மெழுகுவத்தி வாசம். சொட்டுச் சொட்டாய் உருகியும் விழுந்தது. சாதாரண பிளாஸ்டிக்கைக் கலந்திருந்தார்கள்!

"கண்ணுக்குத் தெரியலைன்னா மக்கிடுச்சுன்னுதானேம்மா அர்த்தம்? கையெழுத்துப் போடுங்க" என்றார் மேலாளர்.

"என் மாமியார் ஊருக்குப் போனாக்கூடத்தான் கண்ணுக்குத் தெரிய மாட்டாங்க சார். மக்கிட்டாங்களா?" என்றீர்கள்.

நாங்கள் சிரித்தோம். சிரித்ததோடு சரி, ஒருவரும் எழுந்து உங்கள் பக்கத்தில் வந்து நிற்கவில்லை. மறுவாரமே உங்களை லாரி வரும் முற்றத்துக்கு மாற்றினார்கள். நுண்ணோக்கியில் கண் பதித்திருந்தவரை வெயிலில் நிறுத்தி, சக்கைக் கட்டுகளில் ஈரம் பார்க்கச் சொன்னார்கள். அங்கேயும் நீங்கள் முழங்கை வரை கைவிட்டுப் பார்த்த பிறகே கட்டை இறக்கவிட்டீர்கள். ஜன்னல் வழியே அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் குனிந்துகொண்டோமே, அந்தக் குனிதல் இப்போது நினைத்தாலும் கூசுகிறது. மேலாளர்மீது வரும் கோபத்தில் பாதி எங்கள்மீதே திரும்புகிறது.

உங்கள் நாற்காலியில் அமர்த்தப்பட்டவள் அந்தச் சான்றிதழில் கையெழுத்திட்டாள். இங்கேதான் நிற்கிறாள். அன்று முற்றத்துக்கு ஓடிவந்து, "என்னக்கா பண்றது, வீட்டுல என் சம்பளம் ஒண்ணுதான்" என்று அழுதாள். "சாப்பிட்டியாடி?" என்று மட்டும் கேட்டீர்கள். திட்டியிருந்தால் அன்றைக்கே அவள் மனம் ஆறியிருக்கும். அந்தக் கேள்வி ஈராண்டாய் அவளுக்குள் கரையாமல் கிடந்தது.

இன்று காலை தர ஆணையத்துக்கு அவளே தன் கைப்பட எழுதினாள்: அந்தத் தொகுதி மக்கவில்லை, நான் போட்டது பொய்க் கையெழுத்து என்று. கீழே நாங்கள் ஐவரும் ஒப்பமிட்டோம். நீங்கள் பரணில் பத்திரப்படுத்திய மிச்சத் துண்டுகளையும் சேர்த்து, பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டுத்தான் இந்த அரங்குக்கு வந்தோம். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மேலாளருக்கு இது இப்போதுதான் தெரிகிறது.

நாளை எங்களில் எத்தனை பேருக்கு இங்கே இடமிருக்கும், தெரியாது. முற்றத்துக்குத் துரத்தினால் கட்டு இறக்குவோம்.

முழங்கால் வலி தீர்ந்து, கண்ணொளி குன்றாமல், நோயின்றி நெடுங்காலம் வாழுங்கள் அக்கா! வாழ்த்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. விசாரணைக்கு ஆணையம் வரும். நீங்கள் வந்து சாட்சி சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
இனி குனியாத
சோதனைக்கூடப் பணியாளர் அறுவர்