ஒத்திகைப் புகை

உங்கள் அலுவலகத்தின் படிக்கட்டுக் கதவு சரியாக மூடுவதில்லை ஐயா. உள்ளே வரும்போதே கவனித்தேன். மேல்கீல் தளர்ந்துபோய், கதவு தரையில் உரசி நின்றுவிடுகிறது. தீ என்று ஒன்று வந்தால் அந்த விரற்கடை இடைவெளி போதும், படிக்கட்டு முழுவதும் புகைக்கூண்டாகிவிடும். யாரிடமாவது சொல்லிச் சரிசெய்துவிடுங்கள். பெரிய வேலை இல்லை.

என் வாயிலிருந்து இப்படி ஓர் அறிவுரையா என்று உங்களுக்குத் தோன்றலாம். ஆனால் இத்தனை வருடமாக நான் செய்துவந்த வேலையே இதுதான். உயரமான அலுவலகக் கட்டடம் ஒன்றின் பராமரிப்பு மேலாளர் நான். லிஃப்ட், மின்சாரம், தண்ணீர், குளிர்சாதனம், தீப் பாதுகாப்பு எல்லாமே என் பொறுப்பு. உள்ளே வேலை பார்ப்பவர்கள் கட்டடம் தானாக நிற்கிறது என்று நினைக்கிறார்கள். பகலெல்லாம் அதற்குள் ஏதாவது ஒன்று தேய்ந்துகொண்டும் சூடேறிக்கொண்டும் கசிந்துகொண்டும் இருக்கிறது. அது என் காதில் மட்டும் விழும்.

நான் பயந்த சுபாவம் உள்ளவன். இதை மறைக்க விரும்பவில்லை. முன்பு வேறொரு கட்டடத்தில் எலக்ட்ரீஷியனாக இருந்தபோது ஒரு முறை தீப்பிடித்தது. புகை நிறைந்த படிக்கட்டில், இருட்டில், கைப்பிடிக் கம்பியைத் தடவிக்கொண்டு இறங்கினேன். பின்னால் வந்த யாரோ என் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். ஆணா பெண்ணா தெரியாது. சில மாடிகள் வரை அந்தக் கை என் முதுகிலேயே இருந்தது. பிறகு விட்டுவிட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் எதுவும் தெரிந்திருக்காது, அவ்வளவு இருட்டு.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. செருப்பை வாசலைப் பார்த்து வைத்துவிட்டுத்தான் படுப்பேன். சினிமாவுக்குப் போனால் கடைசி வரிசை, ஓர இருக்கை. வேலைக்கு வந்து கண்ணாடிக் கதவைத் தள்ளி உள்ளே நுழையும்போதெல்லாம் யாரோ முதுகுச் சட்டையை லேசாக இழுப்பது போலிருக்கும். மாலையில் வெளியே வந்து வானத்தைப் பார்த்தால்தான் மூச்சு சீராகும்.

மற்றவர்களுக்கு அந்தப் பயம் இல்லை. அதுதான் எனக்குக் கடைசிவரை புரியவில்லை. தீ ஒத்திகைக்காக அபாய மணி அடித்தால் பாதிப் பேர் நாற்காலியை விட்டே எழுந்திருக்க மாட்டார்கள். மீதிப் பேர் காப்பிக் கோப்பையோடு, ஃபோனில் பேசிக்கொண்டு, லிஃப்ட் வாசலில் வரிசையில் நிற்பார்கள். லிஃப்ட் வாசலில் ஐயா. எனக்கு 'சங்கு' என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். என் காதுபடவே சொல்வார்கள்.

"சங்கு ஊதிட்டாரு. வாங்க, கீழ போய் டீ குடிச்சிட்டு வரலாம்."

அவர்கள் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரித்துவைப்பேன்.

பதினெட்டாம் மாடியில் ஒரு நிர்வாகி இருந்தார். படிக்கட்டு மேடையையே தன் நிறுவனத்தின் சாமான் அறையாக்கி, அட்டைப்பெட்டிகளை மார்பளவு அடுக்கி வைத்திருந்தார். நாங்கள் அவரைப் பெட்டிக்காரர் என்போம். பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டு ஒரு நாள் நேரிலேயே போனேன்.

"சார், இது தப்பிச்சுப் போற வழி. இதுல எதுவும் வைக்கக் கூடாது."

"தப்பிச்சுப் போற அளவுக்கு நான் என்ன கொலையா பண்ணிட்டேன்?" என்றார். சுற்றியிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

கட்டட உரிமையாளரின் பிரதிநிதியிடம் முறையிட்டேன். பொறுமையாகத்தான் கேட்டார். "நீங்க சொல்றதெல்லாம் சரி. ஆனா யாரையும் பயமுறுத்தாதீங்க. பயந்தா காலி பண்ணிட்டுப் போயிடுவாங்க" என்றார். அவர் சொன்னதில் அந்த ஒரு வார்த்தை மட்டும் என் மனதில் ஒட்டிக்கொண்டது. அதுவரை நான் யாரையும் பயமுறுத்திப் பார்த்ததே இல்லை. விளக்கிச் சொல்லித்தான் பார்த்திருந்தேன்.

சில நாள் கழித்துப் பெட்டிக்காரர் லிஃப்ட்டில் தனியாக ஏறுவதைக் கண்ட்ரோல் ரூம் திரையில் பார்த்தேன். இரண்டு மாடிகளுக்கு நடுவே லிஃப்ட்டை நிறுத்தி, விளக்கை அணைத்தேன். ஆபத்து எதுவும் இல்லை. கயிறுகள் புதியவை, பிரேக் நன்றாக வேலை செய்தது, காற்றும் வரும். அந்தக் கேமராவுக்கு இருட்டிலும் கண் தெரியும். அவர் முதலில் பொத்தான்களை மாற்றி மாற்றி அழுத்தினார். பிறகு கதவைத் தட்டினார். பிறகு மூலையில் குந்தி, முழங்காலுக்குள் முகத்தை வைத்துக்கொண்டார். நான் மைக்கில், "பாத்துக்கிட்டு இருக்கோம் சார், பதறாதீங்க" என்று சொன்னேன். அது பொய் இல்லை. பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அதன் பிறகு அவர் லிஃப்ட் பக்கமே போகவில்லை. பதினெட்டு மாடியும் படியேறினார். பெட்டிகள் தாமாகவே காணாமல் போயின. அன்று வெகுநாளைக்குப் பிறகு நான் அடித்துப்போட்டது போலத் தூங்கினேன். படிக்கட்டு வழி சுத்தமாகிவிட்ட நிம்மதி என்று எடுத்துக்கொண்டேன்.

பிறகு அவ்வப்போது, மருந்து போல அளவோடு செய்தேன். ஒத்திகையின்போது படிக்கட்டு விளக்குகளை அணைத்தேன். அலறினார்கள். ஒரு பெண் வழுக்கி விழுந்து மணிக்கட்டு ஒடிந்தது. அடுத்த ஒத்திகையில் முதல் ஆளாகக் கீழே வந்து நின்றவர் அவர்தான். வேறு எந்தப் பயிற்சியும் அவரை அப்படி மாற்றியிருக்காது. ஆனால் மனிதர்களுக்கு எதுவும் பழகிவிடுகிறது. சீக்கிரமே ஃபோன் வெளிச்சத்தில் பாட்டுப் பாடிக்கொண்டு இறங்க ஆரம்பித்தார்கள். எனக்குத் தூக்கம் மறுபடியும் கெட்டது. முதுகில் அந்த இழுப்பு முன்னைவிட அழுத்தமாக வந்தது. விளையாட்டுக் காட்டினால் இவர்கள் கற்றுக்கொள்ள மாட்டார்கள், நிஜமான புகையைக் காட்டினால்தான் உண்டு என்று புரிந்தது.

என் தங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பதினேழாம் மாடியில் ஒரு தணிக்கை நிறுவனத்தில் வேலை பார்த்தாள். நான்தான் சொல்லிச் சேர்த்துவிட்டேன். முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு கைத்தடியோடு நடந்தாள். மச்சான் தினமும் ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டு, அவள் உள்ளே போகும்வரை வாசலில் நின்று பார்த்துவிட்டுத்தான் போவார். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு அவர்கள் வீட்டில்தான். இலேசாக ஏதாவது தீய்ந்த வாசனை வந்தால்கூடப் பாதிச் சாப்பாட்டில் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போவேன்.

"அண்ணா, இது வீடு. உன் கண்ட்ரோல் ரூம் இல்ல. உக்காந்து சாப்பிடு" என்பாள்.

ஒத்திகை நாட்களில் அவளுக்கு மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுவேன். அவள் இறங்கி ஏறினால் கால் வீங்கிவிடும். அது விதிமீறல்தான், ஒப்புக்கொள்கிறேன். அண்ணனாக இருந்து அதைக்கூடச் செய்யாவிட்டால் எப்படி.

அன்று காலையும் கூப்பிட்டேன்.

"இன்னைக்கு மணி அடிக்கும். நீ இறங்காத. உன் எடத்துலயே இரு."

"மறுபடியுமா? சங்குக்கு வேற பொழப்பே இல்லையான்னு எங்க ஆபீஸ்ல கேக்குறாங்க. அண்ணன்னு வெளிய சொல்லிக்கவே வெக்கமா இருக்கு போ."

"கொஞ்சம் புகை வாடை வரும். பயந்துடாத. நம்ம ஏற்பாடுதான்."

"நீ பாத்துக்கிட்டு இருக்கும்போது எனக்கென்ன பயம்?" என்றாள்.

பதினாறாம் மாடி புதுப்பிப்பு வேலைக்காகக் காலியாகக் கிடந்தது. பெயர்த்தெடுத்த கம்பளமும் நாற்காலிப் பஞ்சும் ஒரு மூலையில் குவிந்திருந்தன. கொஞ்சத்தை ஓர் இரும்பு டிரம்மில் போட்டேன். அந்த மாடியின் தண்ணீர்த் தெளிப்பானுக்கான வால்வை முதலில் மூடினேன். இல்லாவிட்டால் புகை எழும்புவதற்குள் தண்ணீர் கொட்டி அணைத்துவிடும், கீழ் மாடிக்காரர்களின் கூரையும் பாழாகும். தீயணைப்பு நிலையத்துக்கு முறைப்படி தகவல் கொடுத்தேன். இன்று ஒத்திகை, மணி அடித்தால் வர வேண்டாம் என்று சொன்னேன். வீணாக அவர்களை அலைக்கழிப்பது எனக்குப் பிடிக்காது.

மின்கம்பிகள் ஏறும் ஷாஃப்ட்டைப் பற்றிக் கேட்டீர்கள். அடித்தளத்திலிருந்து உச்சி வரை போகும் குறுகலான பொந்து அது. மாடிக்கு மாடி அதை அடைத்து வைக்க வேண்டும். புதுக் கம்பி இழுக்க வந்தவர்கள் பதினாறுக்கும் பதினேழுக்கும் நடுவே இருந்த அடைப்பைப் பிரித்துவிட்டு அப்படியே போய்விட்டார்கள். மூடச் சொல்லிச் சொல்லி என் வாய் வலித்ததுதான் மிச்சம். பற்றவைத்தபோது அது எனக்கு நினைவிருந்ததா என்கிறீர்கள். இருந்தது. பதினேழாம் மாடியில் கொஞ்சம் புகை எட்டிப் பார்த்தால்தான் மேலே இருப்பவர்கள் நம்புவார்கள் என்று நினைத்தேன்.

பஞ்சு நான் கணக்குப் போட்டதைவிட வேகமாகப் பிடித்துக்கொண்டது. தீப்பொறி தெறித்து, மீதிக் குவியலும் பற்றியது. நான் அங்கே நின்று என்ன செய்வது. கண்ட்ரோல் ரூமுக்கு வந்து மணியை அடித்தேன்.

அந்தத் திரைகளை நீங்கள் பார்த்திருக்க வேண்டும் ஐயா. முதலில் வழக்கம்போல எழுந்து, சோம்பல் முறித்து, சிரித்தார்கள். பிறகு வாசனை எட்டியது. ஒரு முகம் மாறியது. பக்கத்து முகம் மாறியது. பிறகு ஒவ்வொரு மாடியாக, எல்லா முகமும். யாரும் லிஃப்ட் பக்கம் திரும்பவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, ஒற்றை வரிசையாக, ஒரு கை கம்பியில், மறு கை முன்னால் போகிறவர் தோளில். பெட்டிக்காரர் கர்ப்பிணிப் பெண் ஒருவரைத் தாங்கிப் பிடித்து இறக்கிக்கொண்டிருந்தார். இத்தனை வருடம் நான் தொண்டை வற்றச் சொன்ன அத்தனையும் ஒரே நாளில் நடந்தது. என் முதுகில் அந்த இழுப்பு இல்லை. எனக்குப் பசிகூட எடுத்தது.

செக்யூரிட்டி மேற்பார்வையாளர் ஓடிவந்தார். "சார், இது நெஜமாவே எரியுது சார். ஃபயர் சர்வீஸுக்குச் சொல்லிட்டீங்களா?"

"சொல்லியாச்சு" என்றேன். அதுவும் பொய் இல்லை.

அவர் போய்விட்டார். கடைசியில் யாரோ தெருவில் போனவர் தீயணைப்பு நிலையத்துக்குத் தகவல் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். நல்லது.

மச்சானோடு நீங்கள் பேசியிருப்பீர்கள். செய்தி கேட்டு ஸ்கூட்டரில் பறந்து வந்திருந்தார். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. இறங்கி வந்த கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகத் தேடிக்கொண்டு, என்னைப் பார்த்ததும் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "மச்சான், அவ எங்க?" என்றார். "வந்துக்கிட்டு இருப்பா" என்றேன். அந்த ஒன்று மட்டும் பொய். எனக்கு அப்போது தெரியும். வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

ஒரே ஒருவரைத் தவிர எல்லோரும் உயிரோடு இறங்கினார்கள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

தங்கை கூப்பிட்டபோது ஃபோனை ஏன் எடுக்கவில்லை என்று நேற்று உங்கள் உதவியாளர் கேட்டார். கைத்தடியோடு அவள் படிக்கட்டுக்கு வந்தால் பின்னால் வருகிறவர்கள் தேங்கிவிடுவார்கள், நெரிசலில் பல பேர் போயிருப்பார்கள், ஓர் உயிரா நூறு உயிரா என்று பார்த்தேன் என்றேன். அவர் தலையசைத்து எழுதிக்கொண்டார். அதை அடித்துவிடச் சொல்லுங்கள். அந்தக் காரணம் எனக்குத் தீப்பிடித்த அன்று மாலையில்தான் தோன்றியது. உண்மையில் அவள் கூப்பிட்ட நேரத்தில் மேல் மாடிக்காரர்கள் எல்லோரும் அவளைத் தாண்டி இறங்கிவிட்டார்கள். படிக்கட்டு காலியாகத்தான் இருந்தது.

அவள் நடைக்கூடத்துக் கேமராவுக்குக் கீழே வந்து நின்றாள். ஒரு கையில் தடி, மறு கையில் ஃபோன். என் மேசையில் ஃபோன் அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்துகொண்டிருந்தது. அவளுக்குப் பின்னால் கூரையை ஒட்டிக் கறுப்பாக ஒன்று மெதுவாக ஊர்ந்து வந்தது. திரும்பிப் பார்த்தாள். இருமினாள். பிறகு கேமராவை நிமிர்ந்து பார்த்தாள். நான் பார்த்துக்கொண்டிருப்பேன் என்று அவளுக்குத் தெரியும். சிரித்தாள் ஐயா. போதும் அண்ணா, நிறுத்திக்கோ என்பது போலத் தடியை என்னைப் பார்த்து ஆட்டிச் சிரித்தாள்.

படிக்கட்டுக் கதவு அவளிடமிருந்து நாலு எட்டுதான். ஃபோனை எடுத்து, 'நெஜம், இறங்கு' என்று சொன்னால் போதும். என் கை ஃபோன் மேல்தான் இருந்தது.

ஆனால் அன்று அந்தக் கட்டடத்தில் எல்லோர் முகத்திலும் பயம் வந்திருந்தது. அவள் முகத்தில் மட்டும் வரவில்லை. வந்ததும் எடுக்கலாம் என்று காத்திருந்தேன்.