சுத்தக்கிரயம்

— அடுப்பு சுட்டுகினு கீதுங்க. தொட்டுப் பாருங்க.

— வெயில்ல காஞ்சிருக்கும் சாபிரா. மேல பாரு, ஓட்டுல சந்து கீது, நேரா எறங்குது. நான் சொல்றத கேளு, ஜட்கா வண்டிலேர்ந்து பாய எறக்கு, பால் காச்சு. மொத மொதல்ல சொந்த வூட்ல கால் வெச்சிகீறோம்.

— வெயிலு சாம்பலுக்குள்ள நெருப்பு வெக்குமா? ஊதினா செவக்குது. அப்புறம் இது இன்னா நாத்தம்? தெருமுனையில எறங்கும்போதே மூக்குல ஏறிச்சு. இப்ப கொல்லப் பக்கத்துலேர்ந்து வருது.

— உப்பங்கழி நாத்தம். காத்து திரும்பினா போயிடும். திருவொத்தியூர்னா ஆரம்பத்துல அப்டித்தான். எண்ணூர் ரோட்டுல ஃபாக்டரி மேல ஃபாக்டரி வந்துகினு கீது. ரெண்டு வருஷத்துல பஸ்ஸு, அப்புறம் கரண்ட்டு. காலடிப்பேட்டையில இதே மாதிரி வூடு இன்னா வெல தெரியுமா? ராயபுரத்துல ஒரே ரூம்புல ஒம்போது பேரு படுத்தமே, கக்கூசுக்கு தகர டப்பாவ வெச்சிகினு வரிசையில நின்னமே, அத நெனச்சுப் பாரு.

— அத நெனச்சுதான் வாய மூடிகினு வந்தேன். ஏங்க, கொல்லயில பொடவ காயுதுங்க.

— யாரும்மா நீங்க? ஒரு கொரல் குடுக்காம உள்ள வந்துட்டீங்க.

— நீ இன்னும் போகலயா?

— இன்னும்னா இன்னாங்க? யாரு இந்தக்கா? உங்களுக்குத் தெரியுமா?

— எனக்கு எப்டித் தெரியும்? எவளோ. காலி வூடுன்னு பூந்துகினா போல.

— எவளோ இல்ல பாய். எம் பேரு சிவந்தி. தோ பாரு தங்கச்சி, நீ சாஞ்சிருக்கற சுவரு இருக்கே, அதுக்குக் கல்லு சொமந்தவ நான். சித்தாள் வேலை எனக்கு. அஞ்சு வருஷமா இங்கதான் இருக்கேன்.

— நாங்க இந்த வூட்ட வாங்கிட்டோம்க்கா. போன மாசம் ரிஜிஸ்தர் ஆச்சு. சுப்புராயன்னு ஒரு மேஸ்திரி வித்தாரு.

— அவருதான் எனக்குத் தாலி கட்டினவரு.

— அவரு சம்சாரம் பெரம்பூர்ல கீதுன்னு சொன்னாங்களே.

— அது பெரிய சம்சாரம். அப்டி ஒருத்தி இருக்கறது, வடிவுடையம்மன் சன்னதியில கழுத்த நீட்டினப்புறம்தான் எனக்குத் தெரியும். அழுதேன். "அழாத, உனக்குன்னு தனியா ஒரு வீடு கட்டறேன்"னாரு. பகல்ல ஊரார் வீட்டுக்குக் கல்லு சொமந்தேன். பொழுது சாஞ்சா இந்த வீட்டுக்கு. கூலி வாங்கல. தன் வீட்டுக்கு யாரு கூலி கேப்பாங்க? ஆடி மாசம், "அரக்கோணத்துல வேலை, பத்து நாள்ல வந்துடுவேன்"னு போனாரு. நானே தூக்குச் சட்டியில சோறு கட்டிக் குடுத்தேன். பதினோராம் நாள் ரகுபதின்னு ஒரு புரோக்கர் வந்து நிக்கறான், காலி பண்ணுன்னு.

— த்தூ. சோத்த வாங்கிகினு போனானா? அவன்லாம் ஒரு ஆம்பள.

— சாபிரா, நமக்கு எதுக்கு அந்தப் பேஜாரு? அது அவங்க புருசன் பொஞ்சாதி வெவகாரம். தே, நான் சொல்றத கேளும்மா. கையில பத்திரம் கீது. மரியாதையா துணிமணிய எடுத்துகினு கெளம்பு. இல்லனா போலீசுக்குப் போவேன்.

— போ பாய். ரகுபதியும் போலீசுன்னுதான் ஆரம்பிச்சான். அப்புறம் ரெண்டு ஆள வெச்சு ஓட்டப் பிரிச்சான். நான் தென்னங்கீத்து போட்டு மூடினேன். நாலு நாளு முன்னாடி வேலைக்குப் போயிட்டு வந்து, கொடத்துல தண்ணி மொண்டு, ஒல வெச்சு, சோறும் வடிச்சுட்டேன். வாசன ஒரு மாதிரி இருக்குதேன்னு கெணத்த எட்டிப் பாத்தா, செத்த நாயி. சாக்குல கல்ல வெச்சுக் கட்டிப் போட்டிருக்காங்க. சாக்கு அவுந்து, வவுறு ஊதி மேல மெதக்குது.

— அல்லாவே. நீ அந்தச் சோத்த...

— எட்டிப் பாக்கறதுக்கு முன்னாடியே ஒரு வாய் தின்னுட்டேன் தங்கச்சி.

— இருக்கா, ஜட்காவுல எங்க தண்ணி கீது. மொதல்ல ஒரு சொம்பு மொண்டு குடி.

— இவ சொல்றத நம்பாத. இரக்கத்துக்காக ஜோடிச்சுப் பேசுறா. நாயி தானா வுழுந்திருக்கும்.

— தானா வுழுற நாயி சாக்கையும் மாட்டிகினு வுழுமா? ஏங்க, காலையில ஜட்காவுல ஏறும்போது ரெண்டு கொடம் நெறய தண்ணி ஏத்தச் சொன்னீங்க. "அங்கதான் கெணறு கீதே"ன்னேன். "அந்தத் தண்ணி வேணாம், ஒரு வாரம் போகட்டும்"னீங்க. ஏன் சொன்னீங்க?

— புதுத் தண்ணி. ஒடம்புக்கு ஒத்துக்குமோ இன்னாமோன்னுதான்.

— என் மூஞ்சியப் பாத்து சொல்லுங்க.

— இந்த பாய ஒரு தரம் பாத்திருக்கேன் தங்கச்சி. ஓட்டப் பிரிச்ச அன்னிக்கு. ரகுபதியோட தெருவுல நின்னாரு. உள்ள வரல. கர்ச்சீப்ப மூக்குல வெச்சுகினு நின்னாரு.

— சொல்லுங்க. இங்க ஒரு பொம்பள கீறான்னு உங்களுக்குத் தெரியும்.

— தெரியும். இப்ப இன்னா? அதனாலதான் இந்த வெலைக்கு வந்துச்சு. ஆர்பர்ல கிரேன் ஓட்டுறவனுக்கு வேற எங்க கெடைக்கும்? நான் வாங்கலனா எவனோ வாங்குவான். "ஆள காலி பண்றது என் பொறுப்பு"ன்னு ரகுபதி சொன்னான். "எதுனா பண்ணிக்கோ"ன்னேன், அவ்ளோதான். நாயப் போடுன்னு நான் சொல்லல.

— எதுனா பண்ணிக்கோன்னா, நாயும் அதுல சேத்திதான். போட்டது தெரிஞ்சப்புறமும் பேசாம இருந்தீங்க. அஞ்சு வேள தொழுறீங்க. எந்தத் தண்ணில கை கால் கழுவி ஒளு செய்யலாம்னு இருந்தீங்க?

— கெணத்த எறைச்சா சுத்தமாயிடும். அதுக்கு ஆள் பேசி வெச்சிகீறேன்.

— கெணறு சுத்தமாயிடும். உங்க பக்கத்துல படுக்கணுமே நான். சீ. அந்த மேஸ்திரியப் பாத்து எச்சி துப்பினேனே, பத்தடி தூரத்துல நீங்க நின்னுகினு கீறீங்க.

— யாருக்காக செஞ்சேன் இதெல்லாம்? நெஞ்சத் தொட்டு சொல்லு. வரிசையில நிக்க வெக்கமா கீதுன்னு தெனம் அழுதது யாரு? ஜமாத்துக்கு முன்னாடி நிக்காஹ்ல உனக்குத் தர்றேன்னு ஒத்துகின மகருப் பணம், பதினாலு வருஷமா தரலன்னு உங்க அண்ணன் குத்திக் காட்டுவாரே. அந்த மகரு தான் இந்த வூடு. உன் பேர்ல எழுதிகீறேன். தோ, ஜேப்புல பத்திரம். உனக்கு நான் வூடு குடுத்துகீறேன், நீ என்னப் பாத்து சீங்கிற.

— என் பேர்லயா?

— உன் பேர்லதான்.

— அப்ப சரி. அக்கா, நீ எங்கயும் போக வேணாம். இது என் வூடுன்னா யாரு இருக்கணும்னு நான்தான் சொல்லணும். பின்கட்டு ரூம்பு உன்னுது. ஏங்க, நீங்க போய் கெணத்துல எறங்குங்க. ஆள் வேணாம், நீங்களே எறங்கி அத வெளிய எடுத்துப் போடுங்க. அப்புறம் வூட்டுக்குள்ள வரலாமா வேணாமான்னு பேசலாம்.

— பைத்தியமா உனக்கு? எவளோ ஒருத்திக்கு என் வூட்ட...

— இப்பத்தானே என்னுதுன்னீங்க.

— சண்ட வேணாம். நான் இந்தப் படியில உக்காந்துக்கறேன், நீங்க பேசி முடிங்க. தங்கச்சி, ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்காத. அவரும் எங்கிட்ட அப்டித்தான் சொன்னாரு. உன் பேர்லதான் எழுதியிருக்கேன்னு. ஒரு நாள் காகிதத்தக் கூட காட்டினாரு. மஞ்சள் தடவி சாமி படத்துக்குப் பின்னாடி வெச்சேன். எனக்குப் படிக்கத் தெரியாது. உனக்குத் தெரியுமா?

— அஞ்சாங் கிளாசு வரைக்கும். ஏங்க, பத்திரத்தக் குடுங்க.

— அது வக்கீல் எழுத்து. உனக்குப் புரியாது. நெழலு எறங்கறதுக்குள்ள ஜட்காக்காரன அனுப்பணும், மொதல்ல சாமான...

— குடுங்க.

— அப்புறம் பாத்துகலாம் சாபிரா.

— உங்க ஜேப்புல நானே கை வெக்கணுமா? குடுங்க. "பெரம்பூரிலிருக்கும் சுப்புராயன் ஆகிய நான்... ராயபுரம் சௌக்கத் அலி சாயபு குமாரர்..." குமாரர். "...அமீருதீன் சாயபு அவர்களுக்கு எழுதிக் கொடுத்த சுத்தக்கிரய சாசனம்."

— நான் சொல்றத கேளு. பொம்பள பேர்ல போட்டா நாளைக்கு ஒரு அவசரம்னா கை வெக்க முடியாதுன்னு ரகுபதி சொன்னான். பின்னால மாத்திகலாம்னுதான் இருந்தேன். சத்தியமா மாத்துறதாதான் இருந்தேன்.

— என்ன தங்கச்சி போட்டிருக்கு அதுல?

— உன் பேரும் இல்ல, என் பேரும் இல்லக்கா. கொஞ்சம் நகந்து உக்காரு, நானும் உக்காருறேன்.