மூன்றாம் மாடியின் அம்புக்குறி

தேநீர் ஆறட்டும் ஐயா, எனக்குச் சூடாகக் குடித்துப் பழக்கமில்லை.

என் தொழில் வடிவமைப்பு. அக்காவின் கணவர், அதாவது என் அத்தான், நான்கு மாடியில் மரச்சாமான் கடை கட்டியபோது வழிகாட்டிப் பலகைகள் அத்தனையும் நான்தான் செய்தேன். முதல்முறை வருகிறவன் எங்கே தயங்குவான் என்று பார்க்க, மாடி மாடியாக நடந்தேன். இருட்டிலும் ஒளிரும் பச்சையைத் தேடிப் பிடித்தேன்.

திறப்பு விழாவில் அத்தான் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "அம்பு போட ஒரு டிசைனரா? என் டிரைவர் கையில சாக்பீஸைக் குடுத்தா அவனே போட்டுட்டுப் போறான்."

எல்லோரும் சிரித்தார்கள், அக்காவைத் தவிர. அடுத்த கிளைக்கு நான் வேண்டாம், அச்சகத்துக்காரனே போதும் என்றும் சொல்லிவிட்டார். இந்த வயதில் நான் யாருக்கும் தேவையில்லை என்றால் வேறு எங்கே போவேன்?

அதனால் மூன்றாம் மாடியில் ஒரே ஒரு பலகையைக் கழற்றித் திருப்பி மாட்டினேன். 'வெளியேறும் வழி' என்ற அம்பு, படிக்கட்டை விட்டுக் கிடங்கைக் காட்டியது. கிடங்குக் கதவு சாத்திக்கொண்டால் உள்ளிருந்து திறக்காது. நாலு பேர் மாட்டிக்கொண்டு கதவைத் தட்டினால் அத்தானுக்கு என் அருமை புரியும் என்று நினைத்தேன்.

ஒரு வயதான தம்பதி மாட்டிக்கொள்ளவும் செய்தார்கள். அத்தான் காவலாளியைத் திட்டினார். பலகையை ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. எனவே அதை அப்படியே விட்டுவிட்டேன்.

தீ என்னால் வந்ததல்ல, ஐயா. இரண்டாம் மாடியில் ஒயர் உருகியது என்று உங்கள் ஆட்களே சொல்கிறார்கள். விளக்குகள் அணைந்தன, புகை ஏறியது. நான் மூன்றாம் மாடியில், படிக்கட்டுக்குத் திரும்பும் மூலையில் நின்றேன். ஆனால் அந்த இருட்டில் என் பச்சை மட்டும் தெரிந்தது. பயந்தவன் யோசிப்பதில்லை, அம்பு காட்டிய பக்கம் ஓடுகிறான். ஒருவர்கூடத் தவறவில்லை. அத்தான் அங்கே இருந்து பார்த்திருக்க வேண்டும்.

கடைசியாக அக்கா வந்தாள். கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியிருந்தாள். என் தோளைப் பிடித்துக் கேட்டாள்.

"தம்பி, இந்தப் பக்கந்தானடா?"

"போர்டுல போட்டிருக்கே, அக்கா."

அவள் போனாள். கதவு சாத்திக்கொள்ளும் சத்தம் கேட்டது. பிறகு தட்டும் சத்தம். என் பக்கத்திலிருந்து கைப்பிடியைத் திருகினால் போதும். திருகவில்லை. படியில் இறங்கி வெளியே வந்துவிட்டேன். இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்றுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது, ஐயா. அவள் ஏன் என்னைக் கேட்க வேண்டும்? எழுத்தை இன்னும் கொஞ்சம் பெரிதாக வைத்திருக்கலாமோ?