ரெண்டு கதவு வண்டி

– ரெண்டே நிமிஷம் கவி. சூடு முள்ளு சிவப்புக்கு ஏறிடுச்சு, அதான் ஓரங்கட்டிட்டேன். பானெட்டத் தொறந்து ஆறவிட்டா எடுத்துடும்.

– ஏங்க, ஆறவிடுத நேரமா இது? மாமா சட்டையப் பிழிஞ்சா தண்ணி சொட்டும் போலிருக்கு. சென்னீர்குப்பம் வந்துட்டோம், இந்தா இருக்கு பூந்தமல்லி. வண்டிய இங்கனயே போட்டுட்டு ஒரு ஆட்டோவப் பிடிச்சு ஆஸ்பத்திரிக்குப் போயிருவோம்.

– மெயின் ரோட்டுல போட்டுட்டா? வெளையாடறியா? திரும்பி வரதுக்குள்ள மிரரு, லைட்டு, வீலு ஒண்ணும் இருக்காது. அந்த மிரருக்கு மூணு மாசம் காத்திருந்தேன். இந்த வண்டிக்கு எந்தக் கடைலயும் சாமான் கெடையாது இப்ப. கம்பெனிக்காரனே செய்யறத நிறுத்திட்டான்.

– மிரரு மூணு மாசத்துல வந்துருச்சு. அப்பாவ எந்தக் கடையில போயி வாங்குவீங்க?

– வுடு கவிமா. அவங்கிட்ட இன்னாத்துக்கு வாய் குடுக்கற. எனுக்கு ஒண்ணியும் இல்ல. நெஞ்சு மேல யாரோ குந்திகினு கீறா மாரி கீது, அவ்ளோதான்.

– நைனா, நீ பேசாம சாஞ்சு கண்ண மூடு. அது கேஸுதான். நேத்து அத்தினி வடை துன்னல்ல, வேணாம் வேணாம்னு சொல்லச் சொல்ல?

– வடை துன்னா இடது கையி மரத்துப் போவுமா வெற்றி?

– கை மரத்துப்போச்சா மாமா? வீட்ல கேட்டப்ப இல்லன்னீங்களே. ஏங்க, உங்க சீட்ட மடக்குங்க, நான் வெளிய வரணும். இது ஒரு வண்டி. ரெண்டே கதவு, பின்னாடி கெடக்கவ எறங்கணும்னா முன்னாடி இருக்கவங்க தயவு வேணும். பருத்திப்பட்டுல கெளம்பும்போதே சொன்னேன், நூத்தியெட்டுக்குப் போடுவோம்னு. மாமாவே ஆட்டோ போதும்னு எவ்வளவு கெஞ்சுனாங்க.

– நூத்தியெட்டு வந்து நம்ம தெருவுல திரும்பறதுக்குள்ள நான் ஆஸ்பத்திரில கொண்டாந்து நிறுத்திருப்பேன். இந்த எஞ்சினோட பவரு தெரியுமா ஒனக்கு?

– தெரியுது. நிறுத்தித்தான் வச்சிருக்கீங்க.

– இந்தா, மடக்கிட்டேன், எறங்கு. எறங்கி வாய மூடிகிட்டு நில்லு. நைனா, நீ அசையாத. அந்தக் கண்ணாடிய இறக்கிக்கோ, காத்து வரும். ஐயோ, இறக்காத, அந்த மோட்டாரு ஸ்ட்ரக் ஆவும், அப்புறம் ஏறாது.

– காத்து வேணாம் வெற்றி. நீ வேலையப் பாரு.

– நான் நூத்தியெட்டுக்குப் போட்டுட்டேங்க. வாரோம்னு சொன்னாங்க. இந்த ஆபீஸ் நேரத்து நெரிசல்ல எப்போன்னு சொல்ல முடியாதாம். என்னங்க இவ்வளவு பொகை?

– தண்ணி மொத்தமும் காலி. எங்கருந்து போவுதுன்னு தெரியல. வாட்டர் பம்ப்பா இருக்கும். அது போயிருந்தா எஞ்சினையே எறக்கணும். நல்ல வேள, முத்தாபுதுப்பேட்டை மனைய முடிச்சுடலாம்னு நேத்துதான் அந்த ஆளு வந்துட்டுப் போனான்.

– மனைய இன்னாத்துக்கு விக்கணும் வெற்றி? அது ஒண்ணுதான மிச்சம் கீது.

– நைனா, உன்ன கண்ண மூடச் சொன்னேன்.

– ஏன் மூடணும்? அவங்க கேக்கதுல என்ன தப்பு? காலமெல்லாம் டேங்க் பாக்டரியில கிரீஸ்ல கெடந்து வாங்குன பணத்த உங்க கியர்பாக்ஸ் தின்னுச்சு. கிளட்ச்சுக்கு என் சங்கிலி. மூணு பேரு ஓட்டிச் சலிச்சுத் தள்ளிவிட்ட வண்டிய நாலாவதா வாங்கினது நீங்க. வாங்குன வெலையப் போல மூணு மடங்கு அதுக்குள்ள போட்டாச்சு. அம்பத்தூர் எஸ்டேட்டுல கூட வேல பாக்கவன்லாம் வீடு கட்டிட்டான்.

– அவனுங்க வீடு கட்டட்டும். கம்பெனி கேட்டுல இது நுழையும்போது எம்.டி.யே திரும்பிப் பாக்கறாரு. அவனுங்களுக்கு யாரு திரும்புவா? ஒனக்கு இதெல்லாம் புரியாது.

– புரியலங்க. ஆட்டோ, ஆட்டோ, நில்லுங்க. அண்ணே, நெஞ்சுவலி, ஆஸ்பத்திரிக்குப் போகணும். ஏங்க, நின்னுட்டாரு. மாமாவத் தூக்குங்க.

– வேணாம் அண்ணாத்தே, நீ கெளம்பு. வண்டி ரெடியாயிடுச்சு.

– ரெடியாயிருச்சா?

– ஆயிடும். ஆட்டோல குலுக்கிகிட்டுப் போனா இன்னும் மோசமாவும். அதுவும் இவரு வெயிட்டுக்கு நீ ஒருத்தி தாங்குவியா? நான் இங்க வண்டிகிட்ட நிக்கணும்.

– நீங்க வண்டிகிட்ட நிக்கணும். சரி. ஆட்டோக்காரரு போயிட்டாருங்க. எல்லாரும் உங்கள மாதிரியே நின்னுட்டு இருப்பாங்களா?

– மூஞ்ச அப்டி வெச்சுக்காத. அந்தப் பொட்டிக்கடைல தண்ணி கேன் வாங்கினு வரேன். ரெண்டே நிமிஷம்.

– போங்க. மாமா, என் கையப் பிடிங்க. இறுக்கிப் பிடிங்க.

– உன் கையி ஜில்லுனு கீது மா.

– உங்க கைதான் மாமா ஜில்லுன்னு இருக்கு. கண்ண மூடாதீங்க. அவங்க சொல்லுததக் கேக்காதீங்க, என்னப் பாருங்க. பேச்சுக் குடுத்துட்டே இருக்கேன். இந்த வண்டியில இனி காலு வைக்க மாட்டேன்னு சொல்லியிருந்தேன்ல? இன்னைக்கு உங்களுக்காகத்தான் ஏறுனேன்.

– தெரியும் மா. நீ ஏறக்கூடாதுன்னுதான் நானும்...

– மழைக்காலத்துல ஏரிக்கரைகிட்ட நின்னுச்சே, அன்னைக்கு அப்புறம் ஏறல. அன்னைக்கும் இப்பிடித்தான், பானெட்டுக்குள்ள தலைய விட்டுட்டு ரெண்டே நிமிஷம், ரெண்டே நிமிஷம்னாங்க. எனக்கு உள்ள பனிக்குடம் உடைஞ்சிருச்சு.

– அத்த இன்னாத்துக்கு மா இப்ப.

– சொல்லுதேன், கேளுங்க. நீங்கதான் எங்கருந்தோ ஒரு மீன் வண்டியக் கூட்டிட்டு வந்து, ஐஸ் பெட்டிக்கு நடுவுல என்னப் படுக்கவச்சு, மழையில கொடையப் பிடிச்சுட்டே வந்தீங்க. பிள்ள மூச்சில்லாம பொறந்துச்சு. டாக்டரம்மா துணியில சுத்தி நீட்டுனப்ப வாங்குனது நீங்க. மறுநாள் குழியில வச்சதும் நீங்க. அவங்க அன்னைக்கு வண்டியக் கட்டி இழுத்துட்டு மெக்கானிக்குட்டப் போயிருந்தாங்க. எங்க அப்பா உயிரோட இருந்தாக்கூட எனக்கு அவ்வளவு செஞ்சிருக்க மாட்டாங்க மாமா.

– அப்டி சொல்லாத.

– சொல்லுவேன்.

– சொல்லாத கவிமா. வலிக்குது.

– எங்க வலிக்குது? முதுகுலயா?

– எல்லா எடத்துலயும். அவன் வந்துட்டானா? அவங்கிட்ட சொல்லு, பம்ப்பு இல்லன்னு. முன்னாடி பம்ப்பருக்குக் கீழ, லெப்ட் பக்கம் பாக்கச் சொல்லு. ரேடியேட்டர்லேந்து ஒரு ஓஸு வரும். அதோட கிளிப்பப் பாக்கச் சொல்லு.

– ஏங்க, தண்ணி கெடைச்சிருச்சா? பம்ப்பு இல்லையாம். பம்ப்பருக்குக் கீழ லெப்ட் பக்கம் ஓஸு கிளிப்பப் பாக்கச் சொல்லுதாங்க மாமா.

– அவருக்கு என்னா தெரியும், உள்ள படுத்துகிட்டு. டேங்கும் இதுவும் ஒண்ணா? சரி, போன் வெளிச்சத்த இப்டிக் காட்டு. இன்னும் கீழ. அட, ஆமா. ஓஸு கழண்டு தொங்குது. இந்தக் கிளிப்ப போன வாரம்தான் நாகேந்திரன் மெக்கானிக் புதுசா போட்டான். நான் பக்கத்துலயே நின்னு பாத்தேன். இது தன்னால கழறாது. ஸ்க்ரூ மண்டைல பளபளன்னு கீறல் இருக்கு.

– இருக்கட்டும், மாட்டுங்க.

– இரு. நைனா, உள்ள சாஞ்சுகிட்டு இருக்கற ஒனக்கு, கீழ லெப்ட் பக்கம்னு எப்டித் தெரிஞ்சுது?

– மொதல்ல மாட்டு வெற்றி. மாட்டி முறுக்கு. அப்பறமா கேளு.

– எப்டித் தெரிஞ்சுது?

– நேத்து சாய்ங்காலம் நான்தான் லூசு பண்ணேன்.

– எதுக்கு?

– மனை வாங்க ஆளு கூட்டியாந்தியே. அந்தாளு போனப்பறம் எனுக்கு மனசு ஆறல. இன்னொரு தபா நடுரோட்டுல நின்னா, வெறுத்துப்போயி வண்டியத் தள்ளிவுட்டுடுவன்னு பாத்தேன். இன்னிக்கி காலைல இந்த வலி வரும்னு எனுக்கு இன்னா தெரியும்.

– இன்னொரு தபாவா? அப்ப இதுக்கு முன்னாடி நின்னதெல்லாம்?

– எல்லாம் இல்ல. கிளட்ச்சு அதுவா போனதுதான்.

– பெட்ரோல் பம்ப்பு?

– ப்யூஸ உருவி பாக்கெட்ல வெச்சிகினேன். உன் நாகேந்திரன் அதப் பாக்காம பம்ப்பையே மாத்திட்டான். காசு போச்சேன்னு நான் சோறு துன்னல அன்னிக்கி. நீ விப்பன்னு பாத்தேன். நீ விக்கல. நான் ஒண்ணு கழட்டினா நீ ரெண்டு வாங்கியாந்த.

– நீயே கழட்டி, நீயே அதுக்குக் காசும் குடுத்தியா?

– குடுத்தேன். வந்து நின்னு கேட்டியே நீ. புள்ள கேட்டா எப்டி இல்லன்றது.

– ஆபீஸ்ல என்னப் பாத்து சிரிச்சானுங்க நைனா. வண்டி தள்ற வெற்றின்னு பேரே வெச்சுட்டானுங்க. ராசி இல்லாத வண்டின்னு கோயில் கோயிலா எலுமிச்சம்பழம் வெச்சி ஏத்தினேன். நீ பக்கத்துல நின்னு கன்னத்துல போட்டுகின. உன்ன இப்டியே சாவட்டும்னு வுட்டுடலாம்னு தோணுது.

– ஏங்க, போதும். உங்க விசாரணைய ஆஸ்பத்திரில வச்சுக்கோங்க. மாமா ஒதடு நீலம் பாரிச்சிருச்சு. முறுக்குங்க முதல்ல.

– முறுக்கிகிட்டுதான் இருக்கேன். கேனத் தொறந்து தண்ணிய ஊத்து. மெதுவா ஊத்து, சூடா இருக்கு, மொகத்துல அடிக்கும். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன் நைனா. ஏரிக்கரைல நின்னுதே, அந்த மழைல. அது?

– அத ஏன் கேக்கீங்க? அது மழத்தண்ணி வயருக்குள்ள போயி நின்னுச்சுன்னு அன்னைக்கே நாகேந்திரன் சொன்னாரு. மாமா, இவங்களுக்குப் பதில் சொல்லாதீங்க. மூச்ச இழுத்து விடுங்க. ஏங்க, அவங்க ஒருநாளும் அப்பிடிச் செய்யமாட்டாங்க. எனக்குத் தெரியும்.

– கவிமா.

– சொல்லுங்க மாமா.

– உனுக்கு அன்னிக்கி வலி எடுக்கும்னு எனுக்குத் தெரியாது மா. ஏழு மாசந்தான ஆயிருந்திச்சி.

– என்ன சொல்லுதீங்க?

– பேட்டரி வயர லூசாக்கி வெச்சிருந்தேன். அவன் காலைல வேலைக்கு எடுத்தா கொஞ்ச தூரத்துல குலுக்கல்ல நின்னுடும்னு. சாய்ங்காலமே உன்ன அதுல ஏத்தினு போவான்னு நான் இன்னாத்தக் கண்டேன். நான் கடைக்குப் போயிகினு வரச்சொல்ல நீங்க கெளம்பிட்டீங்க. வண்டி நிக்கும்னு எனுக்குத் தெரியும்ல. அதான் ஓடனேன். அந்த மீன் வண்டிக்காரன் கால்ல வுழுந்து கூட்டினு வந்தேன்.

– எங்கருந்தோ வந்தீங்கன்னு நெனச்சேன்.

– அன்னிக்கே சொல்லணும்னு பாத்தேன் மா. நீ என் கையப் புட்ச்சினு அழுத. அப்பறம் வாயே வரல.

– அதுக்கு அப்புறமும் கழட்டியிருக்கீங்க.

– புள்ள போயும் அவன் விக்கலியே கவிமா. நான் இன்னா பண்ணட்டும்.

– கவி, தள்ளி நில்லு. ஸ்டார்ட் பண்ணிப் பாக்கறேன். புடிச்சிடுச்சு. கேக்குதா? முள்ளும் எறங்குது. ஏறு, ஏறு. அவரு பண்ணதுக்கு அப்புறமா கேட்டுக்கலாம். எங்கப்பா கவி, கண்ணு சொருகுது பாரு அவருக்கு. நைனா, நைனா, இந்தப் பக்கம் பாரு. இதோ போயிடலாம், நேரா எமர்ஜென்சி வாசல்லயே நிறுத்தறேன். கவி, என்னா அப்டியே நிக்கற? அந்தப் பக்கம் எதுக்குப் போற? அவரு கதவ ஏன் தொறக்கற?

– ஏறு மா. நீ ஏறினாத்தான அவன் எடுப்பான்.

– இந்த வண்டியில நான் ஏறல, நீங்களும் வேணாம். எறங்குங்க மாமா.