கைமாத்துச் சரக்கு

— அதெப்படி சித்தீக் தம்பி, போறப்ப வராத ஞாபகம் வர்றப்ப மட்டும் வருது? நேரா என் மில்லு வாசல்ல லாரியைக் கொண்டாந்து நிறுத்திட்டீங்க.

— சொல்லிட்டுத்தானே போனேன் மதுரக்கா.

— எங்க சொன்னீங்க? “வியட்நாம்ல மில்லு போடறோம்”னு முக்குல பேனர் கட்டுனீங்க, எல்லா மில்லுக்கும் பிரியாணிப் பொட்டலம் அனுப்புனீங்க. அதுக்குப் பேரு சொல்றது இல்ல, தமுக்கு அடிக்கிறது.

— அல்லாஹ்வே! திட்டறதை அப்புறம் திட்டுங்கக்கா, முழுசா உக்காந்து வாங்கிக்கறேன். இப்ப நேரம் இல்ல. நாளைக்கு சாயங்காலத்தோட தூத்துக்குடில கப்பலுக்கு சரக்கு எடுக்கறதை நிறுத்திருவான். ஆர்டர்ல கால்வாசி இன்னும் பாக்கி நிக்குது.

— அப்புறம்?

— கைமாத்தா பிளாக் குடுங்க. அமுக்குன தேங்கா நார்த் தூளு, எந்த அளவு இருந்தாலும் சரி.

— கைமாத்து!

— நம்ம ரோட்டுப் பழக்கம்தானேக்கா? எனக்குக் கொறைஞ்சா நீங்க, உங்களுக்குக் கொறைஞ்சா நான். சீட்டு கிடையாது, கையெழுத்து கிடையாது. அடுத்த தடவை தூளு காய வெச்சு அமுக்குனதும் அதே அளவு பிளாக் உங்க கொட்டகைக்கு வந்துரும்.

— கஜா புயல்ல என் கொட்டகை கூரை பறந்தப்ப உங்க களத்துலேருந்துதான் என் ஆர்டர் போச்சு. அதை நான் மறக்கல. ஆனா ரோடு ரோடுங்கறீங்களே, எந்த ரோடு? வெளிய எட்டிப் பாத்துட்டு வாங்க.

— பாத்துக்கிட்டேதானே வந்தேன்.

— என்னத்தப் பாத்தீங்க? உங்க மில்லுல பூட்டு. அதுக்கு அடுத்தது தார்ப்பாய் குடோன் ஆயிருச்சு. அதுக்கும் அடுத்தவரு, நீங்க போனதைப் பாத்துட்டு இந்தோனேசியாவுல மில்லு போட ஆள் தேடிக்கிட்டு இருக்காரு. பேராவூரணித் தேங்கா மட்டைன்னா முன்னாடி லாரிங்க வரிசையில நிக்கும். இப்ப என் ஒருத்தி மில்லுக்காக எவன் லாரியைத் திருப்புவான்? பொள்ளாச்சிப் பக்கம் ஓட்டிட்டுப் போயிடறான்.

— எல்லாம் என்னாலயாக்கா?

— சாமிதுரையைக் கூட்டிட்டுப் போனது யாரு?

— அவரு விருப்பப்பட்டுத்தான் வந்தாரு.

— எங்க எல்லாருக்கும் சேத்து அவரு ஒருத்தர்தான் ஃபிட்டர். பெல்ட்டு அந்தா போச்சுன்னா சைக்கிளை மிதிச்சுக்கிட்டு வந்துருவாரு. இப்ப பெல்ட்டு அறுந்தா பட்டுக்கோட்டைக்குப் போன் போட்டுட்டு வாசலைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். நீங்க ஒரு மில்லை மட்டும் கொண்டு போகல தம்பி. கூரையைத் தாங்குற ஒரு காலை உருவிட்டுப் போயிட்டீங்க.

— நான் என்ன ஆசைப்பட்டா போனேன்? தூளுல உப்பு போகக் கழுவணும்னா நல்ல தண்ணி வேணும். என் போர் தண்ணியில உப்பு ஏறிப்போச்சு. வாங்குறவன் மீட்டரைக் குத்திப் பாக்கறான், உப்பு காட்டுனா மொத்தக் கன்டெய்னரையும் திருப்பி அனுப்பறான். அங்க ஆத்துத் தண்ணி பளிங்கா ஓடுது, மட்டை மலையாக் குவிஞ்சு கெடக்கு. கையில இருந்ததெல்லாம் அங்க கொண்டு போய்க் கொட்டிட்டேன்க்கா. தங்கச்சி வீட்டுக்காரரு நௌஷாத் மச்சானை முழு நேரமும் அங்கயே உக்கார வெச்சிருக்கேன். தங்கச்சி பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டுப் போய் பள்ளிக்கூடத்துலயும் சேத்துட்டா.

— அப்புறம் ஏன் ஆர்டர்ல கால்வாசி பாக்கி? மலைதான் குவிஞ்சு கெடக்கே.

— அது... கேட்டா சிரிப்பீங்க.

— நான் சிரிச்சு நாளாச்சு. சொல்லுங்க.

— பக்கத்து மில்லுக்காரன் ஒருத்தன். நல்லவன். ஒரு நாள் வந்து, கப்பல் போகப்போவுது, சரக்கு பத்தலன்னு கையைப் பிசைஞ்சுக்கிட்டு நின்னான். நான் யோசிக்கவே இல்லக்கா. எடுத்துக்கய்யான்னு கொட்டகையைத் தொறந்து விட்டுட்டேன்.

— நம்ம ஊர் மாதிரி.

— நம்ம ஊர் மாதிரியேதான். மறுநாள் ரிப்பன் கட்டி ஒரு கூடை டிராகன் பழம் வந்துச்சு. பரவாயில்லையே, வட்டியும் சேத்துக் குடுக்கறானேன்னு நெனச்சேன். நாள் போச்சு, பிளாக் வரல. நேர்ல போய்க் கேட்டா, குடும்பத்தோட எந்திரிச்சு நின்னு கும்பிடறான்! “நீங்க அன்பளிப்பு குடுத்தீங்க, நாங்க பழம் குடுத்தோம்”ங்கறான். நாங்க திருப்பித் தரணும்னு எழுதி வாங்கினீங்களான்னு அவன் பொண்டாட்டி கேக்கறா. மொழிபெயர்க்க வந்த பொண்ணு என்னைப் பாவமாப் பாக்குது.

— பழம் எப்படி இருந்துச்சு?

— சப்புன்னு இருந்துச்சுக்கா.

— பாத்தீங்களா, சிரிக்க வெச்சுட்டீங்க. சரி, இந்த ஆர்டர் யாருக்கு?

— கொரியாக்காரருக்கு.

— நம்ம கொரியாக்காரரா? எனக்கும் ஆர்டர் குடுக்கறாரே, அவரா?

— அவருதான். எந்த நாட்டுலேருந்து ஏத்தினாலும் சரி, தேதி தவறக் கூடாதுன்னுட்டாரு. அதான் மிச்சத்தை இங்கேருந்து ஏத்தலாம்னு பறந்து வந்தேன்.

— அப்புறம்?

— அப்புறம் என்ன? அவ்வளவுதான்.

— வேற எதுவும் என்கிட்ட சொல்ல வேண்டியது இருக்கா தம்பி?

— வேற... ஒண்ணும் இல்லக்கா.

— யோசிச்சுச் சொல்லுங்க.

— ஒண்ணும் இல்லேங்கறேன்ல.

— சரி. பிரகதீஸ்வரி! ஏய் பிரகதி! கொஞ்சம் இங்க வா.

— வந்துட்டேன் மதுரம்மா. களத்துல தூளைப் புரட்டிக்கிட்டு இருந்தேன்... ஏஞ்சாமி! சித்தீக் பாயா? என்ன பாய் இப்படி எளைச்சிட்டீங்க! அந்த ஊர்ல சோறு கெடைக்காதா?

— சோறுதான் கெடைக்குது பிரகதி. ரசம் கெடைக்கல. நீ எப்படி இருக்க? நம்ம களத்துப் புள்ளைங்கள்லாம் எப்படி இருக்காங்க?

— எங்க இருக்காங்கன்னு கேளுங்க பாய். பாதிப் பேரு திருப்பூருக்கு பஸ் ஏறிட்டாங்க. மிச்சம் இருக்கறது இந்த அம்மா களத்தை நம்பிக் கெடக்கு. இங்கயும் மட்டை வந்தாத்தான் வேலை, வரலன்னா வீட்டுல ஈ ஓட்டிக்கிட்டு உக்காந்திருக்க வேண்டியதுதான். நீங்க திரும்ப மில்லு தொறக்கப் போறீங்கன்னு லாரியைப் பாத்ததும் ஒருத்தி கையைத் தட்டுறா.

— இல்ல பிரகதி, அது வந்து...

— அதெல்லாம் அப்புறம் பேசலாம். பிரகதி, பாய் லாரியில சரக்கு ஏத்தணும். வடக்குக் கொட்டகையிலேருந்து எடு.

— வடக்குக் கொட்டகையா மதுரம்மா?

— ஆமா.

— தெக்குக் கொட்டகைல இருக்கறது...

— உன்கிட்ட எதைச் சொன்னேன்?

— வடக்குன்னு.

— அப்ப வடக்குலேருந்து எடு. போ, ஆளுங்களைக் கூப்பிடு.

— சரிங்கம்மா.

— எதுக்கு அவளை அதட்டறீங்க? பாவம், மொகமே மாறிப்போச்சு.

— வெய்யில்ல நிக்கறவ, அப்படித்தான் இருப்பா. டீ குடிங்க. என் வீட்டுக்காரரு நாகேஸ்வரன் இருந்த காலத்துலேருந்து இதே கடை டீதான். அவரு போனப்புறம் இந்த மில்லை உன்னால ஓட்ட முடியாதுன்னு ஊரே சொன்னப்ப, உங்களால முடியும்க்கான்னு சொன்ன ஒரே ஆளு நீங்கதான்.

— அதை ஏன்க்கா இப்ப சொல்றீங்க?

— தோணுச்சு, சொல்றேன். ஏன், டீ சூடா இருக்கா? கீழ வெச்சுட்டீங்க.

— எறங்க மாட்டேங்குது.

— ஏத்திக்கிட்டுத்தானே இருக்காங்க? பாதி லாரி ரொம்பிருச்சு. இன்னும் என்ன?

— அக்கா... என்னால முடியல. நீங்க ஒரு வார்த்தை கேக்காம அள்ளிக் குடுக்கறீங்க. வாயைப் பொத்திக்கிட்டு எடுத்துட்டுப் போனா எனக்கு எந்தச் சோறும் செரிக்காது.

— என்ன தம்பி?

— அந்தக் கொரியாக்காரரு இனிமே ரெண்டு பேருகிட்ட வாங்க மாட்டாராம். யாரு சரக்கு முதல்ல முழுசாக் கப்பல் ஏறுதோ, வருஷம் பூரா அவங்களுக்குத்தான் ஆர்டராம். நீங்க இல்லன்னா நான். நேத்துத்தான் சொன்னாரு.

— ம்.

— பட்டுக்கோட்டைப் பக்கம் கைமாத்து குடுக்க இன்னும் ஒருத்தர் ரெண்டு பேரு இருந்தாங்க, ஆனா உங்ககிட்டயே வந்தேன். உங்க சரக்கு கொறைஞ்சா உங்க கன்டெய்னர் தள்ளிப் போகும்னு கணக்குப் போட்டுத்தான் வந்தேன். நம்ம பழக்கத்தை வெச்சே உங்க கழுத்துல கத்தி வெச்சேன். போதும்க்கா. இதை எடுத்துட்டுப் போனா நான் மனுஷனே இல்ல. அந்தப் புள்ளைங்க கையைத் தட்டுதுன்னு வேற சொல்லிட்டுப் போறா!

— பிரகதி! ஏய் பிரகதி! நிறுத்தச் சொல்லு! ஏத்தினது எல்லாத்தையும் கீழ எறக்கச் சொல்லு!

— எறக்கச் சொல்லுங்க. நியாயம்தான். உண்மையைச் சொன்னதுக்கு இந்தத் தண்டனை எனக்கு வேணும்.

— தண்டனை இல்ல தம்பி. என் போர்லயும் உப்பு வந்துருச்சு. வடக்குக் கொட்டகை பூராவும் அந்தத் தண்ணியில கழுவுன சரக்கு. இது உங்க கன்டெய்னர்ல போயிருந்தா, மீட்டரைக் குத்துன அன்னிக்கே உங்க வியட்நாம் மில்லுக்கும் பூட்டுதான்.

— அய்யோ! அந்தப் புள்ள தெக்குக் கொட்டகைன்னு இழுத்தது இதுக்குத்தானா? நீங்க தெரியாமத்தானேக்கா...

— அந்தக் கொரியாக்காரரு இந்த விஷயத்தை முதல்ல சொன்னது எனக்குத்தான், தம்பி. உங்களுக்குச் சரக்கு பத்தலன்னும் அவருதான் சொன்னாரு. நீங்க வருவீங்கன்னு தெரிஞ்சுதான் அந்தக் கொட்டகையைத் தயாரா வெச்சிருந்தேன்.